நாணலுக்குள் ஒரு குரல்

“ஒரே ஒரு குருகு குரல் குடுக்கட்டும், உங்க சரணாலயம் பிழைச்சுது. இல்லேன்னா மண்ணடிச்சுக் கார் நிறுத்துற இடம்தான்” என்று சொல்லிவிட்டு, அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்.

“கண்டிப்பாக் குடுக்குங்கய்யா” என்றார் காவலர்.

குருகு லேசில் கண்ணில் படாத பறவை. நாணலுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். குரல்தான் ஒரே சாட்சி. அதைக் கேட்டே மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதனால்தான் பலகுரல் வித்தை தெரிந்த மச்சானை விடியும் முன்பே நாணலுக்குள் போய் உட்காரச் சொல்லியிருந்தார் காவலர். பொய்தான். ஆனால் இந்தச் சதுப்பு நிலம் போய்விட்டால் இத்தனை நாரையும் வாத்தும் எங்கே போகும்?

“பூம்!”

காளை ஒன்று பானைக்குள் தலையை விட்டுக் கத்தியது போலிருந்தது. அதிகாரி துள்ளி எழுந்தார்.

“கேட்டீங்களா?”

“கேட்டேங்கய்யா.”

“பூம்! பூம்! பூம்!”

மச்சானிடம் ஒரு தடவை போதும் என்றல்லவா சொல்லியிருந்தார்! ‘படுபாவி, அடக்கி வாசிடா’ என்று காவலர் பல்லைக் கடித்தார். அடுத்த ‘பூமு’க்கு முன்னால் தொண்டையைக் கனைக்கிற சத்தம் வேறு தெளிவாகக் கேட்டது. உலகத்தில் எந்தக் குருகு கனைத்துக்கொண்டு பாடும்?

“அடடா, இவ்வளவு கிட்டக்க இருக்கே! ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்.” அதிகாரி கால்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

காவலர் பின்னாலேயே ஓடினார். கையும் களவுமாகப் பிடிபட்டால் வேலையும் போகும், மச்சானும் உள்ளே போவான். அப்புறம் வீட்டுக்காரி சும்மா விடுவாளா?

“ஐயா, போகாதீங்க! அது குருகு இல்லை, என் மச்சான். நான்தான் கத்தச் சொன்னேன்!”

அதிகாரி நின்ற இடத்திலேயே நின்றார். முகம் சுருங்கிப்போனது.

“நானும் சந்தேகப்பட்டேன்யா. நிஜக் குருகு இப்படியா கனைக்கும்? நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!”

“மன்னிச்சுடுங்கய்யா. அவனை வெளியே வரச் சொல்லட்டுங்களா?”

“அந்த மூஞ்சியை வேற நான் பார்க்கணுமா? மண் லாரி வரும், வழி விடுங்க.”

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. காவலர் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. வழியில பைக் பஞ்சர். இப்பத்தான் சரணாலய வாசல்ல வந்து நிக்கிறேன். அதிகாரி வந்துட்டாரா?”

நாணலுக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு, “பூம்!”