குடத்தின் கழுத்தில் ஒரு பெயர்

கல்யாணத்தன்று சீரங்காயிக்கு அம்மா கொடுத்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. "உம் பேருதான்டி. கடைக்காரரு வெட்டிக் குடுத்தாரு" என்றாள் அம்மா. அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. முப்பத்தெட்டு வருடங்களாகத் தண்ணீர் பிடித்து வைத்ததும் சீரங்காயி அந்தப் புள்ளிகளை ஒருமுறை விரலால் தடவிக்கொள்வாள். அம்மா போனாள், புருஷன் போனான். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வீட்டில் அவள் பெயரை வைத்திருந்தது அந்தக் குடம் ஒன்றுதான். முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டப் பழகியதும், முதல் வேலையாகக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். விரல் வைத்துப் படித்தாள். "க... ம... ல... ம்." மறுபடி படித்தாள். மாறவில்லை. யாரோ கஷ்டத்துக்கு விற்ற பழைய குடம். கடைக்காரன் அம்மாவை ஏமாற்றினானா, அம்மா இவளை ஏமாற்றினாளா? கேட்க யாரும் இல்லை. அந்தப் புள்ளிகளை மறுபடி விரலால் தடவினாள். பிறகு குடத்தின் வாய்க்குள் குனிந்து, "கமலம்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வெறுங்குடம் அதையே திருப்பிக் கூப்பிட்டது.

"இந்தா, வந்துட்டேன்" என்றாள் சீரங்காயி.