மாப்பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி

மாமனார் வீட்டுக்கு வந்த நாள் முதல் மாப்பிள்ளைக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. முகம் கொடுத்துப் பேசாத மனிதர், இப்போது விழுந்து விழுந்து கவனித்தார்.

"அந்த நாற்காலி உங்களுக்குத்தான் மாப்பிள்ளை. வேற யாரும் உக்காரக் கூடாது."

சாப்பிடும்போதும் விடவில்லை. "அவருக்கு இன்னும் ரெண்டு கரண்டி வை!"

"உங்கப்பாவுக்கு எம்மேல திடீர்னு என்ன பாசம்?" என்று மனைவியிடம் கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஏழாம் நாள் நாற்காலி மடாரென்று முறிந்து, அவன் தரையில் கிடந்தான். ஓடிவந்த மாமனார் அவனைத் தாண்டிப் போய், நாற்காலியின் முறிந்த காலை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு கிலோவை ஏழு நாள் தாங்கியிருக்கு! வாழைநாரையும் பிசினையும் கலந்து நானே செஞ்சது. சோதிச்சுப் பாக்க இவ்வளவு வெயிட்டா நம்ம குடும்பத்துல வேற யாரு இருக்கா?"

அப்புறம்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

"இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க மாப்பிள்ளை. சணல்நார் நாற்காலி தயாரா இருக்கு."