கசந்த மாத்திரை

“ரெண்டு ஜாடியில ஒண்ணு காலி. யாருக்கு வித்தீங்க, பரந்தாமன்?”

கிழட்டுக் கம்பவுண்டர் தலையைக் குனிந்தார்.

டாக்டர் தாட்சாயிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாத உழைப்பு! டாக்டர்களை ஆராய்ச்சிக்கும் பழக்கும் புதுத் திட்டத்தில் சேர்ந்து, சேக்காடு கிளினிக்கில் காலையில் வைத்தியம், மாலையில் ஆராய்ச்சி என்று அல்லாடியிருக்கிறாள்.

அம்பத்தூர் ஃபவுண்டரித் தூசியில் இழுப்பு வந்த தொழிலாளிகள் அறுபது பேர். பாதிப் பேருக்கு ஒரு ஜாடியிலிருந்து புது மருந்து, மீதிப் பேருக்கு இன்னொரு ஜாடியிலிருந்து வெறும் மாவு மாத்திரை. எது எந்த ஜாடி என்று திட்டத்தை நடத்தும் புரொபசர் அவளுக்கே சொல்லவில்லை. மருந்து பலித்தால் எல்லாத் தொழிலாளிகளுக்கும் இலவசமாகத் தருவதாக ஃபவுண்டரிக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டிருந்தன.

நேற்றுதான் கணக்குப் பார்த்தாள். ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பு. மாத்திரை எடுத்துக் கொடுப்பதெல்லாம் பரந்தாமன்தான் என்பதால், இன்றுதான் சந்தேகப்பட்டு ஜாடிகளைத் திறந்து பார்த்தாள்.

“விக்கலம்மா. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டேன். மொத மாசமே.”

“என்னது?”

“நம்ம கிட்ட மாத்திரை வாங்கற துலுக்கானமும் அவன் பக்கத்து ஊட்டுக்காரனும் ஒரே தூசியத் துன்றானுங்க. அவனுக்கு மருந்து, இவனுக்கு மாவான்னு மனசு கேக்கல. ஆளுக்குப் பாதியாவது போவட்டும்னுதான்...”

“எது மாவுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“முப்பது வருசமா மிக்சர் கலக்கறவன். நாக்குல வச்சிப் பாக்காம எதையும் குடுத்ததில்லம்மா. மருந்து கசக்கும், மாவு கசக்காது.” கொஞ்சம் தைரியம் வந்தது அவருக்கு. “கசப்பு விழுந்த அன்னிக்கெல்லாம் படுத்துத் தூங்கனேன்னு துலுக்கானமே சொன்னான்.”

“வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சுட்டீங்களே! முழுசாக் குடுத்திருந்தா முப்பது பேராவது தேறியிருப்பாங்க. அதைக் காட்டி அத்தனை பேருக்கும் வாங்கியிருப்பேன். பாதி மருந்துல ஒருத்தனும் தேறலையே!”

பரந்தாமன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அய்யோ, நல்லது பண்றேன்னு பாவத்தக் கட்டிகினேனே! புரொபசர் கையில நானே சொல்லிடறேம்மா. வேலை போனா போவுது. நீங்க மொதல்லேர்ந்து பண்ணுங்க.”

முதலிலிருந்தா? இன்னொரு பத்து மாதமா? திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தால் சர்டிபிகேட். அடுத்த மாதம் லண்டன் படிப்பு.

“வேண்டாம். நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. நான் பார்த்துக்கறேன்” என்றாள் தாட்சாயிணி.

அவர் கண் கலங்கிவிட்டது. “தெய்வம்மா நீங்க. இந்த வயசுல என் சோத்தக் காப்பாத்திட்டீங்க.”

கும்பிட்டுவிட்டுப் போனார்.

தாட்சாயிணி அறிக்கையை எடுத்துக் கடைசி வரியை எழுதினாள்: ‘இம்மருந்தால் இழுப்பு நோய்க்குப் பயனேதும் இல்லை.’ கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, மிச்சமிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். கசந்ததை மட்டும் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அயனம்பாக்கத்தில் அவள் அப்பாவுக்கும் இழுப்பு.