தூங்கிப்போன ஆம்ப்

"போன வாரம் மாட்டினது, இந்த வாரம் படுத்துடுச்சு. இதுதான் உங்க வேலை லட்சணமா மாஸ்டர்?"

கார் நின்றும் நிற்காததுமாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார் பெயின்ட் கடைக்காரர்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கார் ஸ்டீரியோ மாட்டுவதில் அவர் கைக்கு ஒரு பேர் உண்டு. மற்றவர்கள் மாட்டினதை எல்லாம் குறை சொல்லிச் சொல்லியே சேர்த்த பேர்தான். ஆனாலும் பேர் பேர்தானே!

"என்னங்க ஆச்சு?"

"ஆம்ப்ளிஃபயருக்கு உசுரே இல்லை. லைட்கூட எரியலை. கடைத்தெரு பூரா உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லி வெச்சிருக்கேன். இப்போ மாத்திச் சொல்லட்டுமா?"

"அவசரப்படாதீங்க சார். பார்த்துடலாம்."

முன் சீட்டில் கடைக்காரரின் மனைவி நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'பாட்டுன்னாலே ஆகாது போல, மூஞ்சியைப் பாரு' என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

பின் சீட்டிலிருந்து கடைக்காரரின் அப்பா இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு, போன வாரம் மாதிரியே மாஸ்டர் கடை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காதில் மெஷின் மாட்டியிருந்தார்.

மாஸ்டர் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து, ஆம்ப் இருக்கிற டிக்கியைத் திறந்தார். ஃபியூஸ் போகவில்லை. பேட்டரியிலிருந்து வருகிற தடி ஒயரில் கரன்ட் வந்துகொண்டுதான் இருந்தது. எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

கடைசியில் மெல்லிசான நீல ஒயரைத் தேடினார். ஸ்டீரியோவைப் போட்டதும் 'எழுந்திரு' என்று ஆம்ப்புக்குச் சொல்கிற ஒயர் அது. இருக்க வேண்டிய இடத்தில் அதைக் காணோம்!

கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். யாரோ திருகாணியைத் தளர்த்தி, ஒயரைப் பதமாக உருவி, முனையில் சிவப்பு டேப் சுற்றி ஓரமாகச் சொருகியிருந்தார்கள்.

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இங்க வந்து பாருங்க சார்! என் கடைல கறுப்பு டேப் தவிர வேற எதையும் தொட மாட்டேன். இது என் வேலையே இல்லை. யாரோ வேணும்னே கழட்டி வெச்சிருக்காங்க!"

சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

கடைக்காரர் நேராக மனைவியிடம் போனார். "உன் வேலைதானே? முதல் நாள்லேர்ந்தே உனக்கு இது பிடிக்கலை."

அவள் ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க. நான்தான் கழட்டினேன்" என்றாள்.

"இது என்னோட எத்தனை நாள் ஆசை தெரியுமா உனக்கு? ஒரு பாட்டை நிம்மதியாக் கேட்க விட மாட்டியா?"

அவள் மறுபடியும் நெற்றியை அழுத்திக்கொண்டாள். மாஸ்டருக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. நம்ம பேரைக் காப்பாத்திக்கப் போய், நல்லா இருந்த குடும்பத்துல கொள்ளி வெச்சுட்டோமே!

"விடுங்க சார். ரெண்டு நிமிஷத்துல மாட்டிடறேன்."

"குடுங்க, நானே பிரிக்கிறேன்" என்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டார் கடைக்காரர். டேப்பின் நுனியை நகத்தால் நெருடித் தேடினார். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பின்னால் பிரிக்கச் சுலபமாக, நுனியைச் சின்னதாக மடித்து விட்டிருந்தது.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார்.

பெரியவரின் மூக்குக்கண்ணாடிக் காலில் சிவப்பு டேப். நுனி மடித்திருந்தது. குடையின் கைப்பிடியிலும் அதே டேப், அதே மடிப்பு.

"அப்பாவா?" கடைக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

"மாமா கழட்டினதை நான் பார்த்தேன்" என்றாள் அவள். "சத்தம் தாங்கலை போல, பாவம். அவரை ஒண்ணும் கேட்காதீங்க."

"அடி அசடே, அதுக்குப் பழியை நீ ஏத்துப்பியா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டரின் தோளைப் பிடித்துத் தனியே கூட்டிப்போனார்.

"மாஸ்டர், எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அப்பா கூனிக் குறுகிடுவார். ஆம்ப் எரிஞ்சுபோச்சு, இனிமே சரியாகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

சரியாகாதா? மாஸ்டர் வாயில் ஒரு நாளும் வராத வார்த்தை அது. பெஞ்சில் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, ஆம்ப் எரிஞ்சுபோச்சு, இனிமே சரியாகாது. என் வேலைலதான் ஏதோ கோளாறு!" என்று கத்திச் சொன்னார்.

பெரியவர் சிரித்தார். "மெதுவாப் பேசுங்க தம்பி, நல்லாவே கேக்குது. நீல ஒயரைப் பார்த்துட்டீங்களா? அது இல்லாட்டி ஆம்ப் தூங்கிடும்னு மாட்டின அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?"

மாஸ்டர் அசடு வழிந்தார். "அது வந்து... உங்களுக்குச் சத்தம் ஆகலைன்னா பையன்கிட்டயே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"எனக்கா?"

பெரியவர் காது மெஷினைக் கழட்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எனக்குச் சத்தம் வேணாம்னா இதைக் கழட்டிப் பையில போட்டா முடிஞ்சுது. மருமகளுக்கு ஒத்தைத் தலைவலி தம்பி. பாட்டு போட்டா நெத்தியைப் பிடிச்சுக்கிட்டே வரும். புருஷன் ஆசையைக் கெடுக்கக் கூடாதுன்னு வாயைத் திறக்காது. அது தன் காதை எங்க கழட்டி வைக்கும் தம்பி?"