ஊரை விட்டுப் போகிறவள்

“வாசலைத் தாண்டினா திரும்பி வராதே, சொல்லிட்டேன்!”

அண்ணன் கத்தியது தெருவுக்கே கேட்டது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற தங்கைக்கு முப்பத்துநாலு வயது. கையில் நாலு புடவை அடைத்த ஒரு பை.

“கரண்ட் ஆபீஸ் கிளார்க்கை வேணாம்னுட்டு போயும் போயும் ராட்டினக்காரனா?” என்றாள் அண்ணி. “சொந்த வீடு, பென்ஷன், வேற என்னடி வேணும் உனக்கு? இவன் உன்னை நடுத்தெருவுல விட்டுட்டு லாரி ஏறப்போறான், பாரு!”

ஊரும் அதைத்தான் சொன்னது. பொருட்காட்சிக்கு வந்த ராட்டினத்தில் ஒரே ஒருநாள் ஏறினாள், அவ்வளவுதான், ஊர் வாயில் விழுந்துவிட்டாள். மாத்திரை வாங்க வருகிறவர்கள்கூடச் சீட்டை மேஜையில் போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார்கள். வீட்டில் அவள் சாப்பாடு தனியாக மூடிக் கிடந்தது. ஒரு மாதமாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

பேசினவன் ராட்டினக்காரன் ஒருத்தன்தான். “உங்க தெருவுல தினமும் தண்ணி வருமா? வருஷம் பூரா ஒரே ஜன்னல்ல நின்னு பார்த்தா எப்படிங்க இருக்கும்?” என்று கேட்பான். கேலி செய்கிறான் என்று அவள் சிரிப்பாள். அவன் போன ஊர்களைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் ஒரு ஊருங்களா?” என்று பேச்சை மாற்றிவிடுவான்.

“காலையில ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்துடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்று நேற்று சொல்லியிருந்தான். இனி ஊர் ஊராகப் போகலாம், எந்த ஊரிலும் அவளை யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் கிளார்க்கை உதறினாள்.

மைதானத்தில் ராட்டினம் இல்லை. கம்பம் நட்ட குழிகள்தான் இருந்தன. கடைசி லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது.

அடப்பாவி, விட்டுட்டுப் போயிட்டானே! அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலையையும் விட்டாயிற்று, வீட்டுக்கும் போக முடியாது. இவ்வளவு பெரிய மைதானத்தில் அவளும் ஒரு பையும்தான்.

“என்னங்க, தரையில உட்கார்ந்துட்டீங்க?”

அவன்தான்! படிய வாரிய தலை, புதுச்சட்டை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“லாரி போயிடுச்சே! வாங்க, ஓடிப்போய்ப் பிடிச்சிடலாம்!”

“போகட்டுங்க. ராட்டினத்துல என் பங்கை வித்துட்டேன்.” அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பொறந்ததுலேர்ந்து நான் ஒரு ஊர்ல சேர்ந்தாப்புல ரெண்டு மாசம் இருந்ததில்லைங்க. இனிமே சாகற வரைக்கும் நமக்கு இந்த ஊர்தான்!”

“இந்த ஊர்ல... நமக்கு யாருங்க வீடு குடுப்பாங்க?” என்று கேட்டாள்.

“விலைக்கே வாங்கிட்டேங்க, உங்க அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர்வீடு!”