மாடிப்படிக்குக் கீழே இரண்டு செடிகள்

விசிறியின் சத்தம் நின்றுவிட்டது.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கேத்தலை வைத்தாள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மாடிப்படி அறையின் சூட்டை இங்கிருந்தே காட்டும் சின்ன வெப்பமானி. இருபத்தாறு என்றது.

வரவேற்பறையில் கோயில் சபைக்காரர் நாலு பேர். அவள் கணவர் குகதாசனுக்கு வருத்தம் என்று பார்க்க வந்தவர்கள். ஆப்பிள் கொண்டுவந்திருந்தார்கள். அவர் மேலே படுக்கையில். ஐந்தாவது கீமோ முடிந்து பதினொரு நாள்.

தட்டோடு வெளியே வந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையின் கதவு இடுக்கில் ஒரு பழைய சேலை அடைத்திருந்தது. பக்கத்தில் மூன்று ஊதுபத்தி.

விசிறியை நிறுத்தியதும் சேர்த்து எல்லாம் நகுலா மச்சாளின் வேலை.

குகதாசனின் அக்கா. லண்டனில் இருந்து வந்து ஒன்பது நாள். இப்போது ஒன்றும் தெரியாதவர்போல் சோபாவில் இருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததாம். தன் கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பிறகுதான் அரைக் கோப்பை குடிக்கிறானாம்.

சபைக்காரர் தலையாட்டினார்கள். கூடப்பிறந்தவளின் கை அல்லவா என்றார்கள்.

அவள் இதை ஒருநாளும் மறுத்ததில்லை. கஞ்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு அவருடைய நாக்குக்குக் கீழே இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது அவள்தான். பெருமை யாருக்குப் போனால் என்ன, கஞ்சி அவருக்குள் போனால் சரி.

கடையில் விற்கும் எண்ணெய் மூன்று வகை கொடுத்துப் பார்த்தாயிற்று. மூன்றும் வாந்தி. வீட்டில் வளர்த்த கஞ்சாச் செடி ஒன்றில் வடித்ததுதான் வயிற்றில் நின்றது. அந்தப் போத்தல் இன்னும் இரண்டு கிழமைக்குக் காணும்.

அடுத்த போத்தல் அந்தக் கதவுக்குப் பின்னால், இரண்டு செடியில் பூவாக நிற்கிறது.

பாண் தொழிற்சாலையில் பதினேழு வருடம் ரொட்டி மா பொங்கும் அறையைப் பார்த்தவள் அவள். சூட்டைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கீழே காற்று உள்ளே வரவேண்டும். மேலே சூடு வெளியே போகவேண்டும். இரண்டையும் அடைத்தால் பூவுக்குள் ஈரம் தங்கும். பிறகு பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த பூவை எறியத்தான் வேண்டும்.

மச்சாளைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள்.

மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேநீரைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். முப்பது.

மச்சாளுக்கு விசிறிதான் மணத்தைப் பரப்புகிறது என்று எண்ணம். மணத்தை இழுத்து வடிகட்டிக் கரிக்குள் அடக்குவதே அதுதான். நிறுத்தினால் மணம் சும்மா இருக்குமா? ஊதுபத்திக்கு மேலால், சேலைக்கு ஊடாக, மெல்ல மெல்ல வந்தது.

சபைத் தலைவர் மூக்கைச் சுளித்தார். பக்கத்து வீட்டில் ஏதோ மிருகம் செத்துக் கிடக்கிறதோ என்று கேட்டார்.

மச்சாள் அவசரமாக ஆமாம் என்றார்.

முப்பத்துமூன்று.

அவள் போய்ச் சேலையை உருவினாள். கதவை அகலத் திறந்தாள். செடிகளுக்குப் போட்ட விளக்கின் வெள்ளை வெளிச்சம் விறாந்தையில் கொட்டியது. இலைகள் ஓரம் சுருண்டு நின்றன.

விசிறியைப் போட்டாள். போதாது. வாசற்கதவையும் திறந்தாள். வெளியே மைனஸ் பதினெட்டு. குளிர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தது.

சபைக்காரர் கோட்டுகளை எடுத்து மாட்டினார்கள். நாலு பேருக்கும் இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. நல்ல குடும்பம் என்று நினைத்தோமே என்றார் தலைவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு வீட்டில் நாலு செடி வளர்க்கலாம், தன்னிடம் இரண்டுதான் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இடம் பார்க்கிறேன் என்றாள் அவள்.

"மானம் போகுது, பிள்ளை," என்றார் மச்சாள்.

"போகட்டும் மச்சாள். உங்கட கஞ்சி அவருக்கு இறங்கிறது இதாலதான்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய அடி என்று அவளுக்கே தெரிந்தது. மச்சாளின் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திருப்பி எடுக்கவில்லை.

வந்தவர்கள் தேநீரைத் தொடாமல் போனார்கள்.

அவள் வாசற்கதவைப் பாதி சாத்திவிட்டு செடிகளுக்கு முன்னால் குந்தினாள். ஒவ்வொரு பூவாக விரலால் விலக்கிப் பார்த்தாள். ஈரம் இல்லை. இன்னும் இல்லை.

பின்னால் காலடி கேட்டது. மச்சாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் அடுக்களை வெப்பமானி.

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தாள். வரட்டும்.

"எத்தினையில நிக்க வேணும்?"

இருபத்தைந்து என்றாள்.

மச்சாள் வெப்பமானியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். இருபத்தொன்பது.

வெளியே சபைக்காரர் இன்னும் போகவில்லை. நாலு பேரும் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டியபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சாளும் அவர்களைப் பார்த்தார்.

பிறகு போய் வாசற்கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.