டிஸ்க் டாக்டர்

"ஒரு நாளோ ஒரு மாசமோ, சொல்ல முடியாது. மனசைத் தேத்திக்குங்க" என்றார் டாக்டர், காதை வைத்துக் கேட்டுவிட்டு.

கொண்டு வந்தவர் முகம் தொங்கிப்போனது. "வாங்கி ஒரு வாரம்கூட ஆகலையே டாக்டர்!"

"பிறக்கும்போதே நோயோட பிறந்திருக்கு. வேற தர்றேன், வச்சுக்குங்க."

டாக்டர் உண்மையில் கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்ப்பவர். ஹார்ட் டிஸ்க்கைக் காதோடு வைத்தே அதன் ஆயுசைச் சொல்லிவிடுவதால், வாடிக்கையாளர்கள் கொடுத்த பட்டம்தான் டாக்டர். உள்ளே 'டக்... டக்...' என்று தட்ட ஆரம்பித்துவிட்டால் எந்த வைத்தியமும் பலிக்காது.

வேறு டிஸ்க் கொடுத்து அனுப்பிவிட்டு, பழுதானதை டிராயரில் போட்டார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. நிமிர்ந்தால் எதிரே அந்த மேனேஜர் நின்றிருந்தார்.

பன்னிரண்டு வருடம் ஆகியும் டாக்டருக்கு வயிறு எரிந்தது. அன்று வேலை பார்த்த ஆபீஸின் டிஸ்க்கில் இதே 'டக் டக்' கேட்டு, உடனே மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்றையும் கிடப்பில் போட்டவர் இந்த மேனேஜர். டிஸ்க் செத்ததும், அத்தனை பேர் முன்னால் 'கவனக்குறைவு' என்று பழியைத் தூக்கி டாக்டர் தலையில் போட்டு வெளியே அனுப்பினார். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்த வார்த்தை முந்திக்கொண்டு போய் நின்றது. மகளின் படிப்பு ஒரு வருடம் நின்றது.

மேனேஜர் ஒரு தடவை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வழுக்கையிலும் தாடியிலும் என்னை எங்கே அடையாளம் தெரியப்போகிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வேணும். நல்லா நம்பிக்கையானதா இருக்கணும்."

"என்ன வைக்கப் போறீங்க சார்? படமா, பாட்டா?"

"பொண்ணோட ஆராய்ச்சி. மூணு வருஷ உழைப்பு. வேற எங்கயும் நகல் கிடையாது. அடுத்த மாசம் குடுத்தாகணுமாம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது டாக்டருக்கு. பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒரு கணம் மனசு இடறத்தான் செய்தது. என் பெண் மட்டும் என்ன செய்தாள் என்று அடுத்த கணமே அது நிமிர்ந்துகொண்டது.

"உள்ளே ஒரு நல்ல சரக்கு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று பேசிக்கொண்டே டிராயரில் கையை விட்டார். தடுப்புக்குப் பின்னால் போய், பழுதான டிஸ்க்கைப் புது உறையில் போட்டு ஒட்டினார்.

மேசையில் அதையும் வேறு இரண்டையும் வரிசையாக வைத்தார். "இது சீக்கிரம் சூடாகும். இது வேகம்தான், ஆனா ஆயுசு கெட்டி இல்லை. இது இருக்கே, இது யானை மாதிரி."

மேனேஜர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. உங்க வீட்டுக்குன்னா எதைப் போடுவீங்க?"

"எங்க வீட்டுக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் போடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

மேனேஜர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் டாக்டர் இரண்டு பிடி சோறு கூடவே சாப்பிட்டார். அந்த வீட்டில் ஒப்பாரி கேட்கும்போது, கவனக்குறைவு என்று யார் தலையில் கட்டுவான் அந்த ஆள்? நினைக்க நினைக்க இனித்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே 'டக்... டக்...' என்று கேட்டது. ஆறு மாதமாக மகள் மாற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க். நாளைக்கு எப்படியும் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நுழைந்தார்.

"அப்பா, புது டிஸ்க் மாட்டிட்டேன்!" மகள் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து துள்ளினாள். "எல்லாத்தையும் இதுக்கு மாத்தியாச்சு. மாத்தி முடிச்சதும் பழசு உயிரை விட்டுடுச்சுப்பா. அம்மா அதைக் குப்பை வண்டியிலயே போட்டுட்டா."

"புது டிஸ்க்கா? யார் வாங்கினது?"

மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "காலையில உங்களைத் தேடி ஒரு பெரியவர் வந்தாருங்க. 'உங்க வீட்டுக்காரருக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன், மன்னிப்புக் கேட்கணும்'னு அழுதாரு. இவ பழைய டிஸ்க்கைப் பத்திப் புலம்பினதையும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் கடைக்கு வழி சொன்னேன். மத்தியானம் இந்த டிஸ்க்கோட திரும்பி வந்தாரு. அங்க உங்களைப் பார்த்ததும் நாக்கே எழலையாம்."

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து ஓடினார். 'டக்... டக்...' வேகமானது. ஒரு இழுப்பு இழுத்தது. நின்றுவிட்டது.

"அப்பா! என்னப்பா இது, எதுவுமே வரலை! என் ஆராய்ச்சி..." மகளின் குரல் உடைந்தது.

மனைவி சிரித்தாள். "பயப்படாதேடி. 'எங்க வீட்டுக்குன்னா இதைத்தான் போடுவேன்'னு உங்கப்பாவே சத்தியம் பண்ணிக் குடுத்தது!"